பகடை எப்போது உருளுகிறது?

ஒரு ஸ்வரம் தற்செயலாக வந்ததா, யோசித்து வந்ததா என்பதைக் காதால் கண்டுபிடிக்க முடியாது. கணினி ரேண்டமாகப் பொறுக்கியெடுத்த நாலு ஸ்வரங்களையும், கைதேர்ந்த ஒருவர் அந்த நிமிடத்தில் மனதில் பட்டதை வாசித்த நாலு ஸ்வரங்களையும் ஒரே வாத்தியத்தின் ஒலியில் பதிவு செய்து அடுத்தடுத்துப் போடுங்கள். எது யாருடையது என்று சொல்வது பெரும்பாலும் குத்துமதிப்பாகத்தான் இருக்கும். காதுக்கு வந்து சேர்வது ஒலி மட்டுமே. அது எந்த வழியாக வந்தது என்ற விவரம் கூடவே வருவதில்லை.

சரி, அப்படியானால் கணினியின் தற்செயலையும் மேடையில் அந்த நேரத்தில் தோன்றியதை மனோதர்மமாக வாசிப்பதையும் சேர்த்துச் செய்யும் இந்தச் சோதனை இசையில், அந்தத் தற்செயலால் யாருக்கு லாபம்? கேட்பவருக்கு நேரடியாக ஒன்றுமில்லை என்பதுதான் என் கட்சி. லாபமெல்லாம் வாசிப்பவருக்கு. அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரியாமல் வயலின் வில்லைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற ஆளுக்கு. அந்தத் தெரியாமை அவருடைய வாசிப்பை என்ன செய்கிறதோ, அது மட்டும்தான் நம் காதில் விழுகிறது.

அதனால் இந்த வகைப் படைப்பு எதைக் கேட்டாலும் நான் முதலில் விசாரிப்பது ஒன்றைத்தான். பகடை எப்போது உருளுகிறது? கச்சேரிக்கு முன்பா, கச்சேரி நடக்கும்போதா?

முன்பே உருட்டி வைத்துவிடுவதுதான் பழைய வழக்கம். 1790-களின் தொடக்கத்தில் மோட்சார்ட் பெயரைப் போட்டு ஒரு பகடை விளையாட்டு அச்சில் வந்தது. அவர்தான் எழுதினார் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. இரண்டு பகடைகளை உருட்ட வேண்டும். கூட்டுத்தொகை 2 முதல் 12 வரை வரும் என்பதால் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் அட்டவணையில் எழுதிவைத்த 11 வாய்ப்புகள். இப்படி 16 முறை உருட்டினால் 16 துண்டுகள் சேர்ந்து ஒரு சின்ன வால்ட்ஸ் நடன இசை தயார். எந்த இடத்தில் எந்த சுருதிக்கூட்டு வர வேண்டும் என்பது ஏற்கெனவே முடிவாகி இருப்பதால், பகடை எப்படி விழுந்தாலும் பாட்டு ஒழுங்காக ஊர் போய்ச் சேரும். விளையாட்டின் சூட்சுமம் பகடையில் இல்லை, அந்த அட்டவணையில் இருக்கிறது. இந்த விஷயம் இன்றைய கணினி இசைக்கும் அப்படியே பொருந்தும்.

அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1951-இல் 'மியூசிக் ஆஃப் சேஞ்சஸ்' எழுதியபோது குறி பார்க்கும் சீனத்து 'ஈ சிங்' நூலை வைத்துக்கொண்டு நாணயங்களைச் சுண்டினார். மூன்று நாணயங்களை ஆறு முறை சுண்டினால் 64 குறிகளில் ஒன்று கிடைக்கும். எந்த ஒலி, எவ்வளவு நேரம், எவ்வளவு சத்தம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சுண்டல். ஆனால் சுண்டி முடித்ததும் எல்லாம் தாளில் ஏறிவிட்டது. பியானோவில் உட்கார்ந்த டேவிட் டியூடருக்கு எந்தச் சுதந்திரமும் இல்லை, எழுதியதை எழுதியபடி வாசிக்க வேண்டும். தற்செயலாகப் பிறந்த அந்த இசை, மேடைக்கு வரும்போது கல்வெட்டாகிவிட்டிருந்தது.

இலினாய் பல்கலைக்கழகத்தில் லெஜாரன் ஹில்லரும் லியனார்ட் ஐசக்சனும் இலியாக் என்ற கணினியை வைத்துச் செய்த 'இலியாக் சூட்' (1957) இதே வகைதான். ஹில்லர் அடிப்படையில் வேதியியல்காரர். பாலிமர் சங்கிலிகளைக் கணக்கிட ரேண்டம் எண்களைப் பயன்படுத்திக்கொண்டிருந்தவருக்கு, அதே வித்தையை ஸ்வரங்களிடமும் காட்டலாமே என்று தோன்றியிருக்கிறது. கணினி ஓர் எண்ணைத் தள்ளும். அது ஒரு ஸ்வரம். விதிகளுக்குப் பொருந்தினால் உள்ளே, இல்லையென்றால் குப்பைக்கு. பிறகு அடுத்த எண். கடைசியில் நாலு தந்தி வாத்தியங்களுக்கான எழுத்து வடிவம் கிடைத்தது. இசையமைப்பாளர் யானிஸ் செனாக்கிஸ் 1962-இல் ஐபிஎம் 7090 கணினியில் கணக்குப் போட்டு எழுதிய ஒரு படைப்பின் பெயரிலேயே 080262 என்று, அதாவது 8-2-62 என்று, அந்தக் கணக்கு போட்ட தேதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. பகடை உருண்ட நாளைப் பெயராக வைத்த நேர்மை எனக்குப் பிடிக்கும். ஆனால் அங்கேயும் பகடை கச்சேரிக்கு முன்பே உருண்டு ஓய்ந்துவிட்டது.

கேஜுக்கு மனோதர்மத்தின் மேல் நீண்ட காலம் நம்பிக்கையே இல்லை என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். தற்செயலும் இம்ப்ரொவைசேஷனும் அண்ணன் தம்பி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அவருக்கு அவை எதிரெதிர்க் கட்சி. சுதந்திரமாக வாசி என்று விட்டால் மனிதன் தனக்குத் தெரிந்ததையும் பிடித்ததையும்தான் வாசிப்பான், ஞாபகமும் பழக்கமும் விரலில் ஏறி உட்கார்ந்துவிடும் என்பது அவர் புகார். நியாயமான புகார்தான். கல்பனாஸ்வரம் வாசித்துப் பழகிய யாரையும் கேட்டுப் பாருங்கள். மேடையில் 'அந்த நேரத்தில் தோன்றியது' என்று சொல்லப்படுவதில் எவ்வளவு சரக்கு வீட்டில் கட்டி எடுத்து வந்தது என்று அவர்களுக்குத் தெரியும்.

இந்தப் புகாருக்கு அவரே பிற்காலத்தில் கண்டுபிடித்த பதில் அழகானது. 1977-இல் அவர் செய்த 'இன்லெட்ஸ்' படைப்பில், தண்ணீர் நிரப்பிய சங்குகளைக் கையில் வைத்துச் சாய்க்க வேண்டும். உள்ளே தண்ணீர் அறை அறையாக நகரும்போது 'களக்' என்று ஒரு சத்தம் வரும், அல்லது வராமலே போகும். எப்போது வரும் என்பது சாய்க்கிற கைக்குத் தெரியாது. வாசிப்பவர் அந்த நிமிடத்தில் முடிவெடுத்துத்தான் வாசிக்கிறார், ஆனால் பழக்கம் பலிக்காது. கணினியே இல்லாத இந்தப் படைப்பைத்தான், கணினியோடு சேர்ந்து வாசிப்பது எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் உதாரணமாகச் சொல்வேன். பகடை கையிலேயே உருளுகிறது.

அதற்கு முன்பு, ஹில்லரோடு சேர்ந்து கேஜ் செய்த பெரிய ஆர்ப்பாட்டம் ஒன்று உண்டு. 'எச்பிஎஸ்சிஎச்டி' என்று பெயர். பியானோவுக்கு முந்தைய வாத்தியமான ஹார்ப்சிகார்டின் பெயரிலிருந்து, அந்தக் காலக் கணினிக்குத் தோதாக ஆறு எழுத்துகளை மட்டும் பொறுக்கியது. 1969 மே 16 அன்று இலினாயில் ஏழு ஹார்ப்சிகார்டுகள், கணினி உண்டாக்கிய 51 ஒலிநாடாக்கள், திரைப்படங்கள், ஸ்லைடுகள் என்று சுமார் ஐந்து மணி நேரம் நடந்தது. ஸ்தாயியை 5 பங்கு முதல் 56 பங்கு வரை ஒவ்வொரு விதமாகப் பிரித்து, வழக்கமான 12-ஐ மட்டும் விட்டுவிட்டால் 51 வருகிறது அல்லவா, அந்தக் கணக்கு. ஈ சிங் நாணயம் சுண்டும் வேலையைக் கணினியே செய்தது. இசைத்தட்டாக வந்தபோது ஒவ்வொரு தட்டோடும் கணினி அச்சிட்ட தாள் ஒன்று கொடுத்தார்கள். ஐந்து ஐந்து விநாடிக்கு ஒலியளவுக் குமிழை எந்த எண்ணில் வைப்பது என்று அதில் இருக்கும். வீட்டில் கேட்பவரும் வாசிப்பவராகிவிட வேண்டும் என்று ஆசை. தாளைப் பார்த்துக் குமிழ் திருப்பிக்கொண்டே யார் இசை கேட்க முடியும் என்பது வேறு விஷயம்.

என்னைப் பொறுத்தவரை ஆட்டம் உண்மையில் மாறியது ஜார்ஜ் லூயிஸிடம்தான். டிராம்போன் வாசிப்பவர். சிகாகோவில் 1965-இல் கறுப்பின இசைக்கலைஞர்கள் தொடங்கிய ஏஏசிஎம் அமைப்பில் வளர்ந்தவர். 1984-இல் பாரிஸின் இர்காம் இசை ஆய்வு நிலையத்தில் 'ரெயின்போ ஃபேமிலி' என்ற பெயரில், மனிதர்கள் வாசிப்பதைக் கேட்டுத் தானும் வாசிக்கும் நிரலை மேடையேற்றினார். 1987 வாக்கில் அது 'வாயேஜர்' ஆனது. ஃபோர்த் என்ற கணினி மொழியில் எழுதிய நிரல். ஒரே நேரத்தில் 64 குரல்கள் வரை தனித்தனியாக ஓடக்கூடியது. ஐந்து முதல் ஏழு விநாடிகளுக்கு ஒருமுறை அது தன் குரல்களைக் கலைத்துப் புதுக் குழு சேர்க்கும். இந்தக் குழு எந்த மெட்டு முறையைப் பிடிக்கும், எந்த ஸ்வரத் தொகுதியில் நிற்கும், வேகம் என்ன, மனிதர் வாசிப்பதைக் கவனிக்குமா, கண்டுகொள்ளாமல் விட்டுவிடுமா என்பதெல்லாம் அங்கேயே ரேண்டமாக முடிவாகும்.

'கண்டுகொள்ளாமல் விட்டுவிடுமா' என்பதை அழுத்திச் சொல்கிறேன். வாயேஜரில் மனிதர் தலைவர், கணினி பக்கவாத்தியம் என்ற ஏற்பாடு கிடையாது. நிறுத்து என்று சொல்ல பொத்தான் இல்லை, இப்போது நீ வா என்று கூப்பிட பெடல் இல்லை. நீங்கள் வாசிக்காமல் உட்கார்ந்திருந்தாலும் அது பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருக்கும். அதன் போக்கை மாற்ற உங்களிடம் இருக்கும் ஒரே கருவி உங்கள் வாசிப்பு. அதையும் அது கேட்டால்தான் உண்டு.

லூயிஸ் இதைத் தொழில்நுட்பச் சாதனையாக மட்டும் பார்க்கவில்லை. 1996-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், ஐரோப்பிய மரபில் வந்தவர்கள் 'தற்செயல்' என்றும் 'நிச்சயமின்மை' என்றும் கௌரவமாகப் பேசிக்கொண்டிருந்த அதே காலத்தில், ஜாஸ் கலைஞர்கள் மேடையில் செய்துகொண்டிருந்ததைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை என்று வெளிப்படையாக எழுதினார். அந்த மரபில் மனோதர்மம் என்பது மனிதன் தன் வரலாறோடும் தன் குரலோடும் வந்து நிற்பது. அதைப் பழக்கதோஷம் என்று ஒதுக்குவது சுலபம். இந்த வாதத்தில் நான் லூயிஸ் பக்கம். பழக்கம் இல்லாத வாசிப்பு என்று ஒன்று இல்லை. பழக்கம் எதன்மேல் போய் மோதுகிறது என்பதுதான் கேள்வி.

இனி கொஞ்சம் இயந்திரத்துக்கு உள்ளே போவோம். 'ரேண்டம்' என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் ஒருமுறை கணினியில் சும்மா ஒரு ரேண்டம் மெட்டைப் போட்டுக் கேட்க வேண்டும். எல்லா ஸ்வரத்துக்கும் சம வாய்ப்பு. முதல் அரை நிமிடம் ஆச்சரியமாக இருக்கும். அப்புறம் சலித்துவிடும். எப்போதும் எதிர்பாராதது வந்துகொண்டே இருந்தால் எதிர்பார்ப்பு என்ற ஒன்றே உருவாவதில்லை. ஏமாறுவதற்குக்கூட முதலில் ஒன்றை நம்ப வேண்டுமே.

இதை எண்களோடு விளக்கியவர்கள் ரிச்சர்ட் வாஸும் ஜான் கிளார்க்கும். 1975-இல் வெளியான அவர்களுடைய ஆய்வு, இசையிலும் பேச்சிலும் ஒலியளவின் ஏற்ற இறக்கங்கள் இரண்டு எல்லைகளுக்கு நடுவே நிற்கின்றன என்று காட்டியது. ஓர் எல்லை, முன்பு வந்ததற்கும் அடுத்ததற்கும் எந்தத் தொடர்பும் இல்லாத வெண்ணிரைச்சல். மறு எல்லை, ஒவ்வோர் அடியும் முந்தைய அடியை ஒட்டியே போகும் தள்ளாட்ட நடை. நடுவில் இருப்பதை 'ஒன்றின் கீழ் எஃப்' இரைச்சல் என்பார்கள். இதைப் பகடையாலேயே உண்டாக்க வாஸ் சொன்ன வழி எளிமையானது. ஏதாவது மூன்று பகடைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் உருட்டுங்கள், இரண்டாவதை இரண்டு ஸ்வரத்துக்கு ஒருமுறை, மூன்றாவதை நாலுக்கு ஒருமுறை. மூன்றின் கூட்டுத்தொகைதான் அடுத்த ஸ்வரம். வேகமாக மாறுவது ஒன்று, நிதானமாக மாறுவது ஒன்று என்று அடுக்கடுக்காக இருப்பதால், கேட்கும்போது ஏதோ ஒரு போக்கு இருப்பதுபோலவே தோன்றும். யாரும் யோசிக்கவில்லை, ஆனாலும் போக்கு இருக்கிறது.

இசைக்காரர்கள் புழங்கும் மேக்ஸ் என்ற மென்பொருளில் இந்த வேறுபாடுகள் சின்னச் சின்னப் பெட்டிகளாகவே கிடைக்கின்றன. 'ரேண்டம்' என்ற பெட்டி வெறும் குலுக்கல். 'டிரங்க்' என்ற பெட்டி, பெயருக்கேற்ப, குடித்தவன் நடை: இருந்த இடத்திலிருந்து ஓரிரு அடி இப்படி, ஓரிரு அடி அப்படி. 'அர்ன்' பெட்டி ஒருமுறை எடுத்த எண்ணை மற்றவையெல்லாம் தீரும்வரை திரும்ப எடுக்காது. எந்தப் பெட்டியை எங்கே வைக்கிறோம் என்பதுதான் இங்கே இசையமைப்பு. பழைய பகடை விளையாட்டின் அட்டவணைக்கு இது இன்றைய உரு.

நான் வாசிப்பது வயலின். மைக் வழியாக மடிக்கணினிக்குப் போகும் ஒலியை ஒரு பேட்ச், அதாவது அப்படிப்பட்ட பெட்டிகளை இணைத்துச் செய்த நிரல், கேட்கிறது. நான் நிற்கும் ஸ்வரத்தின் அதிர்வெண், சத்தத்தின் அளவு, எவ்வளவு நெருக்கமாக வாசிக்கிறேன் என்ற மூன்றையும் கணிக்கிறது. பதிலுக்கு அது ஒரு நீண்ட, வெறும் ஒலியை எழுப்பும். அந்த ஒலி எங்கே நிற்க வேண்டும் என்பதை டிரங்க் நடை தீர்மானிக்கும். ஆனால் நடை நான் நிற்கும் ஸ்வரத்தைச் சுற்றித்தான். எப்போதாவது ஒருமுறை, குறைந்த வாய்ப்பில், அங்கிருந்து வெகுதூரம் தாவும்.

இதில் நடப்பது இதுதான். நான் மேல் ஷட்ஜத்தில் விரலை வைத்து நிற்கிறேன், 440 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரம் 444-க்கு வந்து நிற்கிறது. சுத்த ரிஷபத்துக்குப் பாதி தூரம்கூட இல்லை. இரண்டும் உரசும்போது விநாடிக்கு நாலு என்ற கணக்கில் ஒலி விம்மத் தொடங்கும். சுருதி சேர்க்கும்போது எல்லோரும் போக்கடிக்கப் பார்க்கும் அதே விம்மல்தான். அப்புறம் நடை ஓர் அடி நகர்ந்து 443 ஆகும். விம்மல் மூன்றாகிறது, தாளம் நிதானப்படுகிறது. 446 ஆனால் ஆறு. நான் விரலை ஒரு மயிரிழை நகர்த்தினால் அதுவும் மாறும். ஆக, இரண்டு பேரும் ஸ்வரத்தைத்தான் வாசிக்கிறோம், ஆனால் கேட்பது லயம். அந்த லயத்தை நான் தனியாக உண்டாக்க முடியாது, அதுவும் தனியாக உண்டாக்க முடியாது. சுருதி பிசகினால் உடனே திருத்து என்று விரலுக்கு ஊட்டி வளர்த்த பழக்கம் ஒன்று இருக்கிறது அல்லவா, அது இங்கே கையைப் பிசைந்துகொண்டு நிற்கும். திருத்தினால் லயம் செத்துப்போகும். திருத்தாமல் இருக்கவும் விரல் கேட்காது. அந்த இழுபறிதான் எனக்கு இந்த இசை.

இன்னொன்று மௌனம். நான் நெருக்கமாக வாசிக்க வாசிக்க, அது பேசாமல் இருப்பதற்கான வாய்ப்பு கூடும்படி வைத்திருக்கிறேன். வாய்ப்புதான், உத்தரவு இல்லை. நான் நிறுத்தியதும் அது உள்ளே வரும் என்று காத்திருந்தால் சில சமயம் வராது. அந்த இடைவெளியை நான் நிரப்புவதா, விட்டுவிடுவதா? பேட்சில் ஸ்வரத்துக்கான ரேண்டத்தை மாற்றிப் பார்த்ததைவிட, மௌனத்துக்கான ரேண்டத்தை மாற்றியதுதான் என் வாசிப்பை அதிகம் கலைத்தது. ஸ்வரத்தைத் தேர்ந்தெடுப்பதில் எல்லோரும் மெனக்கெடுகிறார்கள். சும்மா இருப்பதைத் தேர்ந்தெடுப்பதில் யாரும் அவ்வளவாக மெனக்கெடுவதில்லை.

கற்றுக்கொள்ளும் நிரல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதன் வேர் பழையது. ஆந்திரே மார்க்கோவ் 1913-இல் புஷ்கினின் கவிதை நாவல் ஒன்றிலிருந்து 20,000 எழுத்துகளை எடுத்து, உயிரெழுத்துக்குப் பின் என்ன வருகிறது, மெய்யெழுத்துக்குப் பின் என்ன வருகிறது என்று எண்ணினார். இன்று ஒருவர் வாசிப்பதைக் கேட்டு, இந்த ஸ்வரத்துக்குப் பின் இவர் எதற்குப் போவார் என்று எண்ணிவைத்து, அதே நடையில் தொடரும் நிரல்களுக்கு அதுதான் மூலம். பாரிஸில் ஃபிரான்சுவா பாஷே 2002 வாக்கில் செய்த 'கன்டினுயேட்டர்' அப்படிப்பட்டது. இர்காமின் 'ஓமேக்ஸ்' வேறு வழியில் போகிறது. நீண்ட எழுத்துச் சரத்துக்குள் ஒரு துண்டைத் தேடுவதற்காக 1999-இல் வந்த ஓர் அல்காரிதத்தை எடுத்து, வாசித்ததிலேயே ஒன்றுபோல இருக்கும் இடங்களைக் கண்டுபிடித்து அங்கிருந்து அங்கே தாவுகிறது. கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவற்றோடு வாசிப்பதைக் கேட்கும்போது எனக்கு ஒரு சங்கடம் வருகிறது. என் பழக்கத்தையே கலைத்து அடுக்கி என்னிடம் திருப்பித் தருகிறது. கேட்க இனிமை. பார்வையாளர்களுக்கும் உடனே புரியும், கைதட்டல் நிச்சயம். கேஜ் புகார் சொன்ன அந்த ஞாபகம் இப்போது மேடையில் இரண்டு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

லைவ் கோடிங் பக்கம் நான் அதிகம் போவதில்லை. நிரலைத் திரையில் போட்டுக் காட்டியபடியே எழுதி வாசிப்பவர்கள். அங்கே ஒரு விஷயம் மட்டும் சுவாரசியம். 'சோனிக் பை' மென்பொருளில் ரேண்டம் என்று எழுதினால், ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் அதே வரிசைதான் வரும். கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது என்று சொல்லும் விதை எண்ணை மாற்றினால்தான் வரிசை மாறும். கணினியின் ரேண்டம் பெரும்பாலும் அடிப்படையில் இப்படித்தான், ஒரு விதையிலிருந்து கணக்குப் போட்டு வருவது. சோனிக் பை அதை மறைக்காமல் வெளியே வைத்துவிட்டது. பிடித்த விதை எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு மேடைக்குப் போகலாம். அப்போது பகடை மறுபடியும் கச்சேரிக்கு முன்பே உருண்டுவிட்டது என்று அர்த்தம்.

இதற்கெல்லாம் எதற்கு இயந்திரம், பக்கத்தில் இன்னொரு மனிதரை உட்காரவைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதும்தான், பல நாட்களில் அதுவே மேல். ஆனால் மனிதர்களுக்கு மரியாதை தெரியும். நான் தடுமாறினால் பக்கத்தில் இருப்பவர் சட்டென்று ஒரு பிடி பிடித்து மூடிவிடுவார். நான் முடிக்கப் பார்க்கிறேன் என்று தெரிந்தால் இடம் விடுவார். அது ஒரு பெரிய கலை, குறை சொல்லவில்லை. வாயேஜர் போன்ற நிரலுக்கு அந்த மரியாதை பாதி நேரம்தான் இருக்கும். மீதி நேரம் நான் தடுமாறியது தடுமாறியபடியே வெளியில் நிற்கும். அதற்கு மேல் என்ன கட்டுவது என்று நானே பார்த்துக்கொள்ள வேண்டும். கூட்டாளியின் கருணையில் எவ்வளவு ஓடிக்கொண்டிருந்தோம் என்பது அப்போது தெரியும்.

புதிதாகக் கேட்கப் போகிறவர்கள் 1993-இல் வெளியான லூயிஸின் 'வாயேஜர்' பதிவிலிருந்து தொடங்கலாம். கணினியைக் கவனிக்க வேண்டாம், அது எப்படியும் செய்வதைச் செய்யும். மனிதர் மூச்சு எடுக்கும் இடங்களைக் கவனியுங்கள். எங்கே ஒரு வாக்கியத்தைப் பாதியில் விடுகிறார், எங்கே விட்டதைத் திரும்பப் பிடிக்கிறார் என்று.

பதிவு என்று வந்துவிட்டாலே ஒரு சிக்கல் இருக்கத்தான் செய்கிறது. இரண்டாம் முறை கேட்கும்போது எல்லாம் தெரிந்ததாகிவிடும், பதிவில் பகடை உருளாது. சிலர் இதனாலேயே பதிவே கூடாது என்பார்கள். எனக்கு அவ்வளவு கறார் இல்லை. நான் வாசித்ததைப் பதிவு செய்கிறேன், ஆனால் விதை எண்ணைச் சேமிப்பதில்லை. சேமித்தாலும் பெரிதாகப் பிரயோஜனம் இருக்காது. அதே விதையைப் போட்டு ஓட்டினாலும், நான் ஒரு ஸ்வரத்தைக் கொஞ்சம் தள்ளி வாசித்தால் போதும், இயந்திரம் அங்கிருந்து வேறு பக்கம் திரும்பிவிடும். நானோ ஒரே மாதிரி இரண்டு முறை வாசிப்பவன் இல்லை.